மெட்ரோ கதவும் இரண்டு யூனிட் மின்சாரமும்

(வாசகர்களுக்காகப் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு கேள்வி. மாநகரப் பேருந்தில் நின்றுகொண்டே போன அனுபவம் நம் எல்லோருக்கும் இருக்கும். டிரைவர் பிரேக் போட்டால் என்ன ஆகும்? பின்னால் இருப்பவர் முன்னால் வருவார், முன்னால் இருப்பவர் டிரைவர் சீட் வரைக்கும் போய்விடுவார். சில்லறை எண்ணிக்கொண்டிருந்த கண்டக்டர் மட்டும் அசையாமல் நிற்பார்!

அதே நாம் சென்னை மெட்ரோவில் ஏறுகிறோம். ஒரு கையில் போன், இன்னொரு கையில் பை. கம்பியைப் பிடித்தும் பிடிக்காமலும் நின்று வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டே போகிறோம். ரயில் பேருந்தைவிட வேகமாகத்தான் போகிறது, அடுத்தடுத்து நிறுத்தங்களும் வருகின்றன. ஆனாலும் நாம் விழுவதில்லை. ஏன் என்று யோசிச்சிருக்கீங்களா?

நானும் யோசித்ததில்லை. ஒரு நாள் நான் செய்த ஒரு தப்புதான் என்னை யோசிக்க வைத்தது. அதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு மாலை நேரம், நல்ல கூட்டம். நான் ரயிலில் ஏறிவிட்டேன். என் தோழி எஸ்கலேட்டரில் இறங்கி ஓடி வந்துகொண்டிருந்தாள். கதவு மூடப்போகும் ஓசை கேட்டது. யோசிக்காமல் என் பேக்கைக் கதவுக்கு நடுவில் நீட்டிவிட்டேன். கதவு மூடப் பார்த்தது, பை பட்டதும் திறந்தது. மறுபடி மூடப் பார்த்தது, மறுபடி திறந்தது. பக்கத்தில், மருத்துவமனைப் பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். "ஏம்மா, பையை உள்ள எடும்மா, வண்டி கிளம்பட்டும். எனக்கு சென்ட்ரல்ல ரயிலைப் பிடிக்கணும்" என்றார். அதற்குள் தோழியும் ஏறிவிட்டாள். மொத்தமே பத்து விநாடிதான் இருக்கும். "சாரிம்மா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பத்து விநாடியில் அப்படி என்ன ஆகிவிடப் போகிறது? அன்றைக்கு நான் அப்படித்தான் நினைத்தேன். அந்தப் பத்து விநாடிக்கு யார், எப்படி விலை கொடுக்கிறார்கள் என்பதைத்தான் இன்றைக்கு உங்களோடு பேசப்போகிறேன்.

மின்சாரம் மோட்டாருக்கு வரும் வழி

சென்னையில் மெட்ரோ ரயில் 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு – ஆலந்தூர் இடையே ஓடத் தொடங்கியது. முதல் சுரங்கப் பாதை 2017 மே 14 அன்று திருமங்கலம் – நேரு பூங்கா இடையே திறக்கப்பட்டது. மேலே போகும் பாதையாக இருந்தாலும் சுரங்கமாக இருந்தாலும் ரயிலுக்கு மின்சாரம் வரும் விதம் ஒன்றுதான்: தலைக்கு மேலே 25,000 வோல்ட் மின்தடம். ரயில் கூரையில் உள்ள பேன்டோகிராப் என்ற மடக்குக் கை அந்த மின்தடத்தைத் தொட்டுக்கொண்டே போகும்.

25,000 வோல்ட்டை நேராக மோட்டாருக்குக் கொடுக்க முடியாது. முதலில் ரயிலில் இருக்கும் டிரான்ஸ்பார்மர் அதைக் குறைக்கிறது. அடுத்து ஒரு கருவி அந்த ஏசி மின்சாரத்தை டிசி ஆக்குகிறது. கடைசியாக இன்வெர்ட்டர் அதை மறுபடியும் ஏசி ஆக்கி மோட்டாருக்கு அனுப்புகிறது.

'ஏசியை டிசி ஆக்கி, திரும்பவும் ஏசி ஆக்குவதா? எதுக்கு இந்தச் சுற்று வேலை?' என்று கேட்பீர்கள். மின்தடத்தில் வரும் ஏசி மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகிறது. நம் வீட்டுக்கு வருவதும் அதே கணக்குதான். ஆனால் ரயில் மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்பது அந்த அலை எண்ணைப் பொறுத்தது. நின்று கிளம்பும்போது அலை எண் மிகக் குறைவாக இருக்க வேண்டும், வேகம் ஏற ஏற அதுவும் ஏற வேண்டும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தன் கையில் வைத்திருப்பது இன்வெர்ட்டர்.

வீட்டுக்கு ஏசி வாங்கக் கடைக்குப் போனால் 'இன்வெர்ட்டர் ஏசி வாங்குங்க, கரண்ட் பில் குறையும்' என்பார்களே, அதுவும் இதே தத்துவம்தான். அங்கே கம்ப்ரசர், இங்கே சக்கரம். ரயில் கிளம்பும்போது தரைக்கு அடியிலிருந்து 'ஊய்ங்' என்று படிப்படியாக ஏறும் ஒரு சத்தம் கேட்கும். இன்வெர்ட்டரும் மோட்டாரும் சேர்ந்து எழுப்பும் சத்தம் அது. அடுத்த முறை கவனிச்சுப் பாருங்க.

பழைய ரெகுலேட்டர், புது ரெகுலேட்டர்

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சென்னைக்கு மின்சார ரயில் புதிதல்ல. கடற்கரை – தாம்பரம் பாதையில் 1931-லேயே மின்சார ரயில் ஓடியது. அந்தக் காலத்தில் அது 1,500 வோல்ட் டிசி மின்சாரம்.

டிசி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்த அன்றைக்கு இருந்த முக்கியமான வழி மின்தடை. கிளம்பும்போது மோட்டாருக்கு முன்னால் பெரிய பெரிய மின்தடைகளை இணைப்பார்கள். வேகம் கூடக் கூட ஒவ்வொன்றாக விலக்குவார்கள். மோட்டாருக்குத் தேவைப்படாத மின்சாரம் எல்லாம் அந்த மின்தடைகளில் வெறும் சூடாகப் போய்விடும்.

பாட்டி வீட்டில் சீலிங் ஃபேனுக்குப் பெரிய பெட்டி மாதிரி ஒரு ரெகுலேட்டர் இருந்திருக்கும். ஃபேனை மெதுவாக வைத்தால் அந்தப் பெட்டி சுடும். காற்று குறையும், கரண்ட் பில் பெரிதாகக் குறையாது. இப்போதைய சின்ன எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் அப்படிச் சுடுவதில்லை. பழைய டிசி ரயிலுக்கும் இன்றைய மெட்ரோவுக்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட இதுதான்.

விநாடிக்கு விநாடி அளந்து கொடுக்கும் வேகம்

இப்போது நம் முதல் கேள்விக்கு வருவோம். மெட்ரோவில் நாம் ஏன் விழுவதில்லை?

வேகம் நம்மைத் தள்ளுவதில்லை. வேகம் *மாறுவதுதான்* தள்ளுகிறது. விமானம் மணிக்கு 800 கிலோமீட்டரில் போகும்போதும் உள்ளே நடந்து போகலாம். ஷேர் ஆட்டோ இருபதிலிருந்து சட்டென்று நின்றால் முன்சீட்டில் முட்டிக்கொள்வோம்.

அதனால் மெட்ரோ ரயில்களை வடிவமைப்பவர்கள் வேகம் கூடும் வீதத்துக்கு ஒரு வரம்பு வைக்கிறார்கள். உலகம் முழுக்க மெட்ரோக்களில் அது விநாடிக்கு விநாடி சுமார் 1 மீட்டரை ஒட்டியே இருக்கும். புரியும்படி சொன்னால், ஒவ்வொரு விநாடியும் வேகம் மணிக்கு 3.6 கிலோமீட்டர் கூடும். 20 விநாடியில் 72 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். இதைவிட அதிக சக்தியோடு இழுக்கும் மோட்டார் செய்ய முடியாதா? முடியும். ஆனால் உள்ளே நிற்பவர்களின் கால் தாங்காது. கைக்குழந்தையோடு நிற்பவர், வயதானவர், கர்ப்பிணி என எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த வரம்பு.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அந்த 1 மீட்டர் வீதத்தையும் எடுத்த எடுப்பில் கொடுக்க மாட்டார்கள். முதலில் கொஞ்சம், பிறகு கூட, பிறகு முழுசா என்று கொடுப்பார்கள். நிறுத்தும்போதும் கடைசியில் பிடியை மெல்லத் தளர்த்துவார்கள். பேருந்தில் நம்மை உலுக்குவது இந்த 'சட்டென்று' என்பதுதான். மெட்ரோவில் கணினி அதைத் தன் கணக்கில் வைத்துக்கொள்கிறது.

கூட்டத்தையும் கணக்கில் எடுக்கிறது. பெட்டிக்கு அடியில் காற்று நிரப்பிய ஸ்பிரிங் இருக்கும். ஆட்கள் ஏற ஏற அதில் காற்றழுத்தம் கூடும். அதை வைத்து ரயில் தன் எடையைத் தானே தெரிந்துகொள்ளும். காலை 6 மணிக்குக் காலியாக இருந்தாலும் மாலை 6 மணிக்கு நெரிசலாக இருந்தாலும் மோட்டாரின் இழுவையைக் கூட்டிக் குறைத்து, ஒரே மாதிரி கிளம்ப வைக்கும். பிரேக்குக்கும் அதே கணக்குதான்.

உங்கள் ஸ்மார்ட்போனிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். போனைத் திருப்பினால் திரை திரும்புகிறதே, அதற்குக் காரணமான முடுக்க உணரி எல்லா ஸ்மார்ட்போனிலும் இருக்கிறது. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் போன்ற இலவசச் செயலிகள் அந்த உணரியின் அளவை வரைபடமாகக் காட்டும். இருக்கையில் உட்கார்ந்து, போனை மடியில் தட்டையாக வைத்து, ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தம் வரை பதிவு செய்யுங்கள். கிளம்பும்போது ஒரு மேடு, நடுவில் சமதளம், நிற்கும்போது எதிர்ப்பக்கம் ஒரு பள்ளம் என வரும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் பாடத்தில் முடுக்கம் புரியவில்லை என்றால் இந்த ஒரு பயணம் போதும்.

ஒரு முறை கிளம்ப எத்தனை யூனிட்?

சரி, இப்போ கரண்ட் கணக்கு. கால்குலேட்டரை எடுத்து நீங்களே சரிபார்க்கலாம்.

கணக்குக்காக, பயணிகளோடு சேர்த்து ரயிலின் எடை 200 டன் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 600 பேர் இருக்கிறார்கள். ரயில் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிறது. அந்த வேகத்தில் ரயிலுக்குள் இருக்கும் இயக்க ஆற்றல் 40 மெகாஜூல். நம் மின்வாரிய மொழியில் சுமார் 11 யூனிட்.

பதினொரு யூனிட்! தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் அறிவித்தார்கள் இல்லையா? அந்த 100 யூனிட்டில் இந்த ரயில் ஒன்பது முறைதான் கிளம்ப முடியும். விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை போகும் பாதையில் இருபதுக்கும் அதிகமான நிறுத்தங்கள் இருக்கின்றன.

பயந்துவிடாதீர்கள். இருபது முறை கிளம்பினால் 220 யூனிட். 600 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 0.37 யூனிட்தான். வீட்டில் ஒரு சாதாரண சீலிங் ஃபேன் ஐந்து மணி நேரம் ஓடும் செலவு. விளக்கு, ஏசி, காற்றுத் தடை எல்லாம் இதற்கு மேல் தனி. ஆனாலும் 600 பேரும் ஆளுக்கொரு வண்டியில் போவதோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு.

இந்தக் கணக்கில் மறக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் இரண்டு மடங்காகாது, *நான்கு* மடங்காகும். அதாவது கடைசி சில கிலோமீட்டர் வேகத்துக்குத்தான் விலை அதிகம். இது நினைவில் இருக்கட்டும், திரும்ப வருவோம்.

பிரேக் போட்டால் மின்சாரம் வரும்

அடுத்த நிறுத்தம் வந்துவிட்டது. அந்த 11 யூனிட்டை என்ன செய்வது? பழைய முறையில் சக்கரத்தைக் கட்டையால் அழுத்திப் பிடிப்பார்கள். உராய்ந்து, சூடாகி, ஆற்றல் எல்லாம் காற்றில் போய்விடும்.

அது எங்கே போய் முடியும் என்பதற்கு லண்டன் சுரங்க ரயில் ஒரு பாடம். நூறு வருடத்துக்கு முன்னால் 'வெயில் காலத்தில் குளுகுளுவென இருக்கும் இடம்' என்று விளம்பரம் செய்யப்பட்ட சுரங்கங்கள் அவை. பல பத்தாண்டுகள் ரயில்கள் வெளியேற்றிய சூட்டைச் சுற்றியிருந்த களிமண் உறிஞ்சி வைத்துக்கொண்டது. அந்தச் சூட்டில் பெரும் பங்கு பிரேக்கிலிருந்து வந்தது. இன்றைக்கு ஆழமான பாதைகளில் கோடைப் பயணம் அவர்களுக்குப் பெரிய தலைவலி. அந்தச் சூட்டையும் வீணாக்காமல், 2020 முதல் லண்டனின் இஸ்லிங்டன் பகுதியில் சுரங்கத்தின் வெப்பக் காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து வீடுகளுக்கு அனுப்புகிறார்கள்.

இன்றைய மெட்ரோ வேறு வழியில் போகிறது. சைக்கிளில் டைனமோ வைத்திருந்தவர்களுக்கு இது உடனே புரியும். டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்ததும் விளக்கு எரியும், ஆனால் பெடல் கனக்கும். விளக்குக்குப் போகும் மின்சாரம் நம் காலிலிருந்துதான் வருகிறது. மெட்ரோவிலும் அதே கதைதான். பிரேக் போடும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறிவிடும். ரயிலின் ஓட்டமே மோட்டாரைச் சுற்றும், மோட்டார் மின்சாரம் தயாரிக்கும், அந்தக் கனத்தில் ரயிலின் வேகம் குறையும். வந்த வழியே இன்வெர்ட்டர், டிரான்ஸ்பார்மர், பேன்டோகிராப் எனத் திரும்பிப் போய், மேலே உள்ள மின்தடத்தில் மின்சாரம் சேரும். கடைசியில் ரயில் கிட்டத்தட்ட நின்றுவிட்ட நிலையில் மட்டும் காற்று பிரேக் வந்து பிடித்துக்கொள்ளும்.

இப்படித் திரும்பி வந்த மின்சாரத்தை யார் பயன்படுத்துவார்கள்? அதே நேரத்தில் கிளம்பிக்கொண்டிருக்கும் இன்னொரு ரயில்! உங்கள் ரயில் நிற்பதால் கிடைத்த மின்சாரத்தில் எதிர்ப்பக்க ரயில் கிளம்புகிறது. முழுசாகத் திரும்பி வராது. ஒவ்வொரு கருவியிலும் கொஞ்சம் கொஞ்சம் இழப்பு இருக்கும். பொதுவாக, மெட்ரோ ரயில்களை இழுக்கச் செலவாகும் மின்சாரத்தில் சுமார் 30 சதவீதம் வரை இப்படி மீட்க முடிகிறது.

இது இந்தியாவுக்குப் பெருமை சேர்த்த விஷயமும்கூட. பிரேக்கிலிருந்து மின்சாரம் மீட்கும் திட்டத்தை டெல்லி மெட்ரோ 2007-ல் ஐக்கிய நாடுகளின் தூய வளர்ச்சித் திட்டத்தில் பதிவு செய்து கார்பன் வரவு பெற்றது. 2004 முதல் 2007 வரை இதனால் சுமார் 90,000 டன் கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்காமல் தடுக்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. ரயில் துறையில் உலகிலேயே இப்படி ஒரு பதிவு அதுதான் முதல் முறை.

எல்லா ஊரிலும் ஒரே முறை கிடையாது. பெங்களூரு, கொச்சி மெட்ரோக்களில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் டிசி மின்சாரம் போகும். இந்த வகையில், பிரேக் போடும் நேரத்தில் பக்கத்தில் இன்னொரு ரயில் கிளம்பவில்லை என்றால் அந்த மின்சாரத்தை வாங்க ஆள் இருக்காது. அதைச் சேமிக்கவோ மேல் மின்கட்டமைப்புக்குத் திருப்பவோ தனிக் கருவி வேண்டும், இல்லையென்றால் சூடாக்கித்தான் தீர்க்க வேண்டும். 25,000 வோல்ட் ஏசி மின்தடத்தில் மின்சாரம் தொலைவில் உள்ள ரயிலுக்கும், அதற்கு மேலே மின்கட்டமைப்புக்கும் போவது எளிது.

உருண்டு போவதும் ஒரு கலை

ஆக, மின்சாரத்தைச் சிக்கனமாகக் கொடுப்பது ஒன்று, திரும்ப எடுப்பது இரண்டு. இந்த இரண்டையும்விட எளிய மூன்றாவது வழி ஒன்று உண்டு: செலவே செய்யாமல் இருப்பது.

அனுபவமுள்ள ஆட்டோ அண்ணன் ஓட்டுவதைப் பாருங்கள். தூரத்தில் சிக்னல் சிவப்பாக இருந்தால் ஆக்சிலேட்டரை முறுக்க மாட்டார். விட்டுவிடுவார். வண்டி தானாக உருண்டு போய் நிற்கும். ரயிலுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. மோட்டாரை நிறுத்திவிட்டாலும் ரயில் வேகம் அவ்வளவு எளிதில் குறையாது. நடு வழியில் அந்த 'ஊய்ங்' சத்தம் நின்று ரயில் அமைதியாக மிதந்து போவது போல இருந்தால், அது உருண்டு போகிறது என்று பொருள்.

பூமியின் இழுப்பையும் பயன்படுத்தலாம். லண்டனில் 1900-ல் திறக்கப்பட்ட சென்ட்ரல் பாதையில் நிலையங்களைச் சிறு மேட்டின் உச்சியில் கட்டினார்கள். நிலையத்துக்கு வரும்போது ஏற்றம், வேகம் தானாகக் குறையும். கிளம்பும்போது இறக்கம், வேகம் தானாகக் கூடும். நம் 200 டன் ரயிலுக்கு அந்த மேடு வெறும் 3 மீட்டர் என்று வைத்தாலும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒன்றரை யூனிட்டுக்கு மேல் கைகொடுக்கும். கணினியே இல்லாத காலத்தில் மண்ணை வைத்தே மின்சாரத்தை மிச்சம் செய்திருக்கிறார்கள்.

ஆனால் உருண்டு போக ஒரு நிபந்தனை இருக்கிறது. *நேரம் வேண்டும்.* அட்டவணையில் சில விநாடி கையிருப்பு இருந்தால்தான் ரயில் நிதானமாக உருளலாம்.

இப்போது அந்தக் கணக்கைப் போடுவோம். இரண்டு நிலையங்களுக்கு இடையே 1,200 மீட்டர் தூரம். ரயில் 72 கிலோமீட்டர் வேகம் வரை ஏறி, ஓடி, நின்றால் 80 விநாடி ஆகும். 65 கிலோமீட்டர் வரைக்கும் மட்டும் ஏறினால் 85 விநாடி ஆகும். வித்தியாசம் ஐந்தே விநாடி. ஆனால் முதல் முறையில் ரயிலுக்கு ஏற்ற வேண்டிய ஆற்றல் 11 யூனிட், இரண்டாவதில் 9 யூனிட்.

ஐந்து விநாடி, இரண்டு யூனிட். பிரேக் போடும்போது இதில் ஒரு பகுதி திரும்பி வரும் என்பது உண்மை. ஆனால் மீதி போனது போனதுதான்.

என் பத்து விநாடிக்கு என்ன விலை?

இப்போது என் பேக்குக்கு வருகிறேன்.

நான் கதவைத் தடுத்தது ரயிலின் அந்தக் கையிருப்பு நேரத்தைத்தான். சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்தில் ஓட்டுநர் முன்னால் இருந்தாலும், வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் தானியங்கி முறையில்தான் நடக்கிறது. இந்த மாதிரித் தானியங்கி முறையில், தாமதமாகிவிட்டால் ரயில் உருண்டு போகாமல் முழு வேகத்துக்கு ஏறித்தான் நேரத்தை ஈடுகட்ட வேண்டும். கடைசி சில கிலோமீட்டர் வேகத்துக்குத்தான் விலை அதிகம் என்று சொன்னேனே, அந்த விலை இங்கேதான் விழுகிறது. பத்து விநாடியை ஈடுகட்ட ஒரு நிலையம் போதாது, இரண்டு மூன்று நிலையம் இப்படி ஓட வேண்டும்.

இதோடு முடியவில்லை. கூட்ட நேரத்தில் பின்னால் சில நிமிட இடைவெளியில் அடுத்த ரயில் வந்துகொண்டிருக்கும். முன்னால் உள்ள ரயில் நகராவிட்டால் அது வேகத்தைக் குறைக்க வேண்டும். நடு சுரங்கத்தில் நின்றால், மறுபடி முதலிலிருந்து கிளம்ப வேண்டும். மறுபடி ஒரு 11 யூனிட். அந்த ரயிலில் இருக்கும் நூற்றுக்கணக்கானவர்களுக்கு என்னையும் தெரியாது, என் தோழியையும் தெரியாது.

மின்சாரத்தை மட்டும் பேசிவிட்டு அந்த அம்மாவை மறந்துவிடக் கூடாது. அவருக்கு சென்ட்ரலில் ஊருக்குப் போகும் ரயில் காத்திருந்தது. ரிசர்வ் செய்த ரயில் பத்து விநாடிக்காக நிற்காது. அவர் பிடித்தாரா, விட்டாரா என்று எனக்கு இன்று வரை தெரியாது. நான் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன். என் தோழி அன்று அந்த ரயிலை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சில நிமிடத்தில் அடுத்த ரயில். அவ்வளவுதான்.

நம் கையில் இருப்பது

மெட்ரோ நம் வரிப்பணத்தில், மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து கட்டியது. அதன் மின்கட்டணமும் கடைசியில் நம் பணம்தான். இவ்வளவு நுணுக்கமாக விநாடியையும் யூனிட்டையும் எண்ணி ஓடும் ஒரு வண்டிக்கு நாம் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை.

ஒன்று, மூடப்போகும் ஓசை கேட்டால் ஏற முயலாதீர்கள். அடுத்த ரயில் வரும். கையை, காலை, பையை, குழந்தையின் வண்டியைக் கதவுக்கு நடுவில் வைக்கவே வேண்டாம். அது மின்சார விஷயம் மட்டுமல்ல, உயிர் விஷயம். ரயில் ஓடுவதைத் தடுப்பது 2002-ம் ஆண்டின் மெட்ரோ ரயில் சட்டப்படி குற்றமும்கூட.

இரண்டு, இறங்குபவர்களுக்கு முதலில் வழி விடுங்கள். கதவின் இரு பக்கமும் ஒதுங்கி நின்றால் ஏறுவதும் இறங்குவதும் குறித்த நேரத்துக்குள் முடியும்.

மூன்று, கதவுக்கு எதிரே கும்பலாக நிற்காமல் பெட்டிக்குள் நகர்ந்து போங்கள். நடுவில் இடம் காலியாக இருக்கும்போதே வாசலில் நெரிசல் இருப்பதை நாம் தினமும் பார்க்கிறோம்.

நான்கு, பயணச்சீட்டை வீட்டிலிருந்து கிளம்பும்போதே போனில் எடுத்துவிடுங்கள். செயலி, வாட்ஸ்அப், சிங்கார சென்னை அட்டை என வழிகள் இருக்கின்றன. க்யூஆர் குறியீட்டை நுழைவாயிலுக்கு வரும் முன்பே திரையில் எடுத்து வைத்துக்கொண்டால் வரிசை நிற்காது, கடைசி நேர ஓட்டமும் இருக்காது.

ஐந்து, எவ்வளவு மென்மையாகக் கிளம்பினாலும் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன அந்த 1 மீட்டர் வரம்பு வழக்கமான ஓட்டத்துக்குத்தான். அவசர பிரேக் போட்டால் அதைவிட வேகமாக நிற்கும்.

இரண்டாம் கட்டத்தின் ரயில்கள் ஓட்டுநர் இல்லாமலே ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. வேகம், பிரேக், கதவு எல்லாவற்றையும் கணினியே பார்த்துக்கொள்ளும். ஆனால் கதவுக்கு நடுவில் பையை நீட்டும் கை நம்முடையதுதான். அதைக் கணினி கட்டுப்படுத்த முடியாது.

அன்றைக்குப் பிறகு நான் ரயிலை நிறைய முறை விட்டிருக்கிறேன். பிளாட்பாரத்தில் நின்று, ஒரு ரயில் என்னை விட்டுவிட்டு அந்த 'ஊய்ங்' சத்தத்தோடு கிளம்புவதைக் கேட்பேன். முன்பெல்லாம் எரிச்சலாக இருக்கும். இப்போது, உள்ளே யாரோ ஓர் அம்மா சரியான நேரத்துக்கு சென்ட்ரல் போய்ச் சேரப்போகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அடுத்த முறை உங்கள் முன்னால் கதவு மூடினால், நீங்களும் அப்படி நினைத்துப் பாருங்கள்.